நல்லமாங்குளம் பேரூராட்சி சாப்பிட்டாச்சா என்று கேட்ட கதை

நல்லமாங்குளம் பேரூராட்சி எல்லைக்குள் நின்றுகொண்டும் படுத்துக்கொண்டும் தொங்கிக்கொண்டும் இருந்த மின்கம்பங்களும் கிணறுகளும் அடிபம்புகளும், போலீஸ் ஸ்டேஷன் வாசலில் பிடித்துப்போட்டிருந்த பைக்குகளும், குளத்தங்கரைப் புளியமரங்களும், பேரூராட்சி வளாகத்தில் துருப்பிடித்துக் கிடந்த ரோடு ரோலரும், ஒரு வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரே குரலில் "இன்னும் இல்லைங்க" என்று சொன்னபோது, இதெல்லாம் எப்படிப் பேசுகிறது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. பசிக்கிறது என்று ஒன்று வாய்விட்டுச் சொன்ன பிறகு, அது எந்த வாயால் சொன்னது என்று ஆராய்ந்துகொண்டு நிற்பது அந்த ஊரில் மரியாதை கிடையாது. இத்தனை பேரையும் எங்கே உட்காரவைப்பது, யார் சமைப்பது என்பதுதான் அவர்களுடைய கவலையாக இருந்தது.

கேட்டது பேரூராட்சியின் பெயரில் என்றாலும், கேட்டவள் சியாமளா. மதுரைக் கம்பெனி ஒன்றுக்கு ஊரிலிருந்தே வேலை பார்ப்பவள். மெயின் ரோட்டில் உரக்கடைக்கு மேலே ஒற்றை அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பவள். கல்யாணத்துக்கு இப்போது என்ன அவசரம் என்று சொல்லிச் சொல்லியே, அவசரப்படுத்த வந்தவர்களையெல்லாம் களைத்துப்போகச் செய்தவள். நல்லமாங்குளத்தில் குடிதண்ணீர் நினைத்தபோது வரும், நினைத்த தெருவுக்கு வரும். இன்றைக்கு எந்தத் தெருவுக்கு என்று பெண்களின் செல்போனுக்கு முன்கூட்டியே தகவல் போய்விட்டால், அவர்கள் வேலைக்குப் போகாமல் குடத்தோடு வாசலில் காத்துக்கிடக்க வேண்டாமே என்று செயல் அலுவலர் கோதண்டராமனுக்கு ஒருநாள் நல்ல யோசனை தோன்றி, அந்த வேலை எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் சியாமளாவின் மடியில் வந்து விழுந்தது.

அவள் அதை ஒன்றும் அடியிலிருந்து எழுதவில்லை. செல்போன்களுக்குத் தகவல் அனுப்புவதற்கென்றே எங்கோ ஒரு தேசத்தில் முகம் தெரியாத புண்ணியவான் ஒருவர் ஒரு லைப்ரரி எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று இணையத்தில் வைத்திருந்தார். அலமாரியும் புத்தகமும் இருக்கிற லைப்ரரி அல்ல, அடுத்தவர் பயன்பாட்டுக்கென்று எழுதிவைத்த நிரல். அதைத் தன் நிரலோடு சேர்த்துக்கொண்டு, அனுப்புவது யார், சொல்வது என்ன, போவது யாருக்கு என்று சொல்லிவிட்டால் மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். யாருக்கு என்கிற இடத்தைக் காலியாக விட்டால் பழைய பதிப்பில் ஒருவருக்கும் போகாது. சியாமளா அன்று காலையில்தான் புதிய பதிப்பை இறக்கியிருந்தாள். அதில் காலியாக விட்டால் எல்லோருக்கும் போகும். அந்த மாற்றத்தை விளக்கக் குறிப்பின் கடைசியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

மற்ற ஊர்க்காரர்கள் சோதனைக்கு அனுப்பும்போது ஹலோ என்று அனுப்புவார்கள், ஒன்று இரண்டு மூன்று என்று அனுப்புவார்கள். சியாமளாவின் கை தானாக "சாப்பிட்டாச்சா?" என்று தட்டியது. யாரைப் பார்த்தாலும் முதலில் அதைக் கேட்டே வளர்ந்த கை அது. போதாததற்கு அவளுக்கும் பசி, எதிர்ச்சாரியில் இருந்த காளீஸ்வரி மெஸ்ஸிலிருந்து ரச வாசனை வேறு ஜன்னல் வழியாக ஏறி வந்துகொண்டிருந்தது. அந்த மெஸ்ஸில் அவள் கால் வைத்து இரண்டு வருடமாகிறது. காளீஸ்வரி அவளுடைய உடன்பிறந்த அக்கா.

இரண்டு வருடத்துக்கு முன்னால் காளீஸ்வரி மகளின் சடங்கு மண்டபத்தில் நடந்தது. சியாமளா சீர்த்தட்டு தூக்கினாள், பூக்கட்டினாள், வந்தவர்களுக்குச் சந்தனம் கொடுத்தாள், பந்தி பந்தியாக ஆட்கள் உட்கார்ந்து எழுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், கடைசி இலையும் எடுத்த பிறகு வெறும் வயிற்றோடு வீட்டுக்குப் போய்விட்டாள். சாப்பிடு என்று ஒரு வாய் யாரும் சொல்லவில்லை என்பது அவள் கோபம். என் வீட்டு விசேஷத்தில் சாப்பிடாமல் போய்ச் சொந்தத்துக்குள் என்னைத் தலைகுனிய வைத்துவிட்டாள் என்பது அக்காவின் கோபம். ஊருக்கே சோறு போடுகிறவள் கூடப்பிறந்தவளுக்குப் போடவில்லை என்று ஊர் பேசியதில் இரண்டு கோபமும் கெட்டிப்பட்டுப் போயின. நடுவில் மெயின் ரோடு ஒன்றுதான், ஆனால் அதைத் தாண்ட இரண்டு பேருக்கும் கால் வரவில்லை. இதில் சியாமளாவின் மனசு எவ்வளவு நொந்திருந்தது என்பதை அவளே ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

கேள்வியை அனுப்பிவிட்டு அவள் தன் செல்போனைப் பார்த்தாள். வந்திருந்தது. நல்லது என்று நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே ஒரு குரல், "இன்னும் இல்லைங்கம்மா" என்றது.

"யாருப்பா அது?"

"நாந்தாம்மா, கம்பம். நீங்கதான கேட்டீங்க."

"நான் சும்மா டெஸ்ட்டுக்குக் கேட்டேன்."

"டெஸ்ட்டுக்குக் கேட்டாலும் பசி பசிதானம்மா. இத்தன வருசமா நிக்கிறேன், ஒருத்தரும் கேக்கல. கேக்காம இருந்தவரைக்கும் தெரியல. இப்பத் தெரியுது."

அதற்குள் பேரூராட்சி அலுவலக வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எருமைகள் நடந்து வந்திருந்தன. நகர முடியாதவை சொல்லியனுப்பியிருந்தன. ரோடு ரோலருக்குப் பக்கத்திலேயே இடம் என்பதால் அது முதல் ஆளாகக் கத்திக்கொண்டிருந்தது. மனிதர்களுக்கும் அந்தத் தகவல் வந்ததுதான். ஆனால் அவர்கள் பசித்திருந்தவர்கள்கூட "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிப் பழகியவர்கள், அதனால் அவர்களால் தொல்லை இல்லை. காளீஸ்வரி மட்டும் தன் செல்போனைப் பார்த்துவிட்டு, "மெஸ்காரியப் பாத்துச் சாப்டியான்னு இப்பத்தான் கவருமெண்டு கேக்குது" என்று சுவரிடம் சொல்லிவிட்டுப் போனை உரிக்காத வெங்காயத்துக்கு நடுவில் போட்டாள்.

கோதண்டராமன் நல்ல மனிதர், ஆனால் எதையும் எழுத்தில் கேட்காமல் அவருக்குப் புரியாது. சியாமளாவைக் கூப்பிட்டனுப்பி, "கேட்ட கேள்வியத் திரும்ப வாங்கிக்கங்கம்மா" என்றார்.

"அந்த லைப்ரரியில அப்படி வசதி இல்ல சார். அனுப்பினா அனுப்பினதுதான்."

"அப்ப, சும்மாதான் கேட்டோம்னு இன்னொரு மெசேஜ் போடுங்க."

இதைக் கேட்டதும் வெளியே நின்றவர்கள் முகம் சுளித்தார்கள். அந்த ஊரில் சாப்பிட்டாயா என்று கேட்டு, இல்லை என்று பதில் வந்த பிறகு, சும்மாதான் கேட்டேன் என்று சொன்னவனுக்கு அப்புறம் பெண் கொடுக்க மாட்டார்கள். பேரூராட்சித் தலைவர் அதை அவர் காதில் போட்டார். கோதண்டராமனுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டிய மகன் ஒருவன் இருந்தான். உடனே அவசரக் கூட்டம் போட்டு, பேரூராட்சி எல்லைக்குள் பசி என்று சொன்ன அனைவருக்கும் மதியச் சாப்பாடு போடுவது என்றும், சமையல் காளீஸ்வரி மெஸ் என்றும், பரிமாறுவதை மேற்பார்வை பார்ப்பது இதற்குக் காரணமான சியாமளா என்றும் தீர்மானம் போட்டார்கள்.

அப்படித்தான் சியாமளா மெயின் ரோட்டைத் தாண்டினாள்.

மறுநாளிலிருந்து ஊரே இதற்கு ஏற்றபடி மாறிக்கொண்டது. கம்பங்களுக்கு அடிவாரத்தில் இலை போட்டுச் சாம்பார் சாதம் வைத்தார்கள், காலி இலை மட்டும் மிஞ்சும். மேல்நிலைத் தொட்டிக்கு மோர் தவிர எதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. டிரான்ஸ்பார்மருக்கு ஊறுகாய் வைத்தால் மேட்டுத்தெரு முழுக்க விளக்கு சிமிட்டியது, அதனால் அதற்குப் பத்தியச் சாப்பாடு. கிணறுகள் சாப்பிட்டுவிட்டு ஏப்பம் விடும்போது வாளியைக் கீழே விட்டிருந்தவர்கள் கயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ளப் பழகினார்கள். ரோடு ரோலர் மறுசோறு, மறுசோறு என்று கேட்டுக் கேட்டு வாங்கியது. சாப்பிட்டு முடித்ததும், இனி கூப்பிட்டால் வேலைக்கு வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத் தூங்கிப்போனது. ரேஷன் கடைத் தராசு ஒன்றுதான் எல்லோரையும்போல இல்லாமல், "ஆச்சுங்க, தினமும் ஆகுதுங்க" என்று நிறைவாகச் சொன்னது. கடைக்காரர் அன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சீக்கிரமே கடையை அடைத்துவிட்டார்.

பந்தியில் ஒரு தகராறும் வந்தது. வடக்குத்தெருப் பெரியவர்கள் சிலர், எங்கள் தெருக் கம்பங்களுக்கு முதல் பந்தியில் போடுங்கள், காலனிக் கம்பங்களுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று வந்து நின்றார்கள். கம்பங்கள் அதைக் கேட்டுச் சிரித்ததில் ஊர் முழுக்கக் கரண்டு ஏறி இறங்கியது. "ஒரே கம்பியில கரண்டு வாங்குறோம், ஒரே பந்தியில உக்கார மாட்டமாய்யா? பிரிச்சுத்தான் போடணும்னா கம்பிய அத்துட்டுப் போடுங்க" என்று வடக்குத்தெரு முக்குக் கம்பமே சொல்லிவிட்டது. வீட்டில் மிக்ஸி, ஃபேன், டிவி எல்லாம் நினைவுக்கு வர, பெரியவர்கள் திரும்பிப் போனார்கள்.

மெஸ்ஸுக்குள் வேறு கதை நடந்தது. காளீஸ்வரி தங்கையோடு பேச மாட்டாள், தங்கையும் அக்காவோடு பேச மாட்டாள், ஆனால் எந்தத் தெருவுக்கு எவ்வளவு சோறு என்று பேசாமல் வேலை ஓடாது. பேசாமலிருப்பவர்கள் அந்தப் பக்கத்தில் என்ன செய்வார்களோ அதையே காளீஸ்வரியும் செய்தாள். பக்கத்தில் கிடந்த ஒரு பொருளைப் பார்த்துப் பேசினாள். இரண்டு வருடமாக அவள் சுவரைப் பார்த்து எத்தனையோ பேசியிருக்கிறாள், சுவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை. இந்தத் தடவை முகம் திரும்பிய பக்கம் மாவு கிரைண்டர் இருந்தது.

"யப்பா கிரைண்டரு, கிழக்குத்தெருவுக்கு எத்தன அண்டா போகணும்னு வந்து நிக்கிறவங்களக் கேளு."

கிரைண்டரும் அந்த வெள்ளிக்கிழமை கேள்வியைப் பெற்றிருந்தது. "நாள் முழுக்க வாயில மாவு, வயித்துக்கு ஒண்ணுமில்ல" என்று அன்றைக்கே புலம்பி, இப்போது தினமும் நாலு இட்லி சாப்பிட்டுத் தெம்பாக இருந்தது. "உங்க அக்கா அண்டாக் கணக்குக் கேக்குறாங்க" என்றது.

"ரெண்டுன்னு சொல்லு" என்றாள் சியாமளா, கிரைண்டரைப் பார்த்து.

இப்படித் தொடங்கியது அண்டாவோடு நிற்கவில்லை. ஒருநாள் காளீஸ்வரி, "கழுத்தெலும்பு தெரியுது. என்னத்தத் திங்கிறாளாம், கம்ப்யூட்டரையா? பாக்கச் சகிக்கலன்னு சொல்லு" என்றாள்.

"நீங்க இளைச்சுட்டீங்கன்னு அக்கா வருத்தப்படுறாங்க" என்றது கிரைண்டர்.

"என் எலும்பப் பத்தி யாரும் கவலப்பட வேணாம்னு சொல்லு."

"ரொம்பச் சந்தோசம்னு சொல்றாங்க."

இரண்டு கைத்தூரத்தில்தான் நின்றார்கள், ஒருத்தி சொன்னது இன்னொருத்திக்குக் காதில் விழுந்துகொண்டேதான் இருந்தது. ஆனாலும் கிரைண்டர் சொல்லி முடிக்கிறவரை இருவரும் கேட்காதவர்களைப் போலவே நிற்பார்கள், அது சொன்ன பிறகுதான் முகத்தில் சிரிப்போ கடுப்போ வரும். அம்மாவின் தைலப் பாட்டில் யாரிடம் இருக்கிறது, மகள் கணக்கில் எப்படி, ராத்திரி ஏன் உரக்கடை மாடியில் விளக்கு எரிகிறது என்றெல்லாம் பேச்சு வளர்ந்தது. சடங்கைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. சியாமளா மதியம் எப்போது வரும் என்று காலையிலிருந்தே காத்திருக்கத் தொடங்கினாள். மெஸ்ஸில் மட்டும் அவள் ஒரு பருக்கை வாயில் வைக்கவில்லை. யாரும் சாப்பிடச் சொல்லவும் இல்லை.

இதற்கு நடுவில் தண்ணீர்த் திட்டம் நின்றுபோயிருந்தது. கேள்வி போன அத்தனையும் லைப்ரரியின் பதிவில் ஏறிவிட்டதால், தண்ணீர் வருகிறது என்று ஒரு தகவல் போட்டால் அதுவும் எல்லோருக்கும் போகும், எல்லாக் கிணறும் தொட்டியும் அடிபம்பும் குழாயடி வரிசையில் இடம் போட்டுவைக்கச் சொல்லியனுப்பும் என்று கோதண்டராமன் பயந்தார். பெண்கள் பழையபடி குடத்தோடு காத்துக்கிடந்தார்கள்.

"இதுகளப் பதிவுலருந்து எடுக்க வழியே இல்லையாம்மா?" என்று அவர் தினமும் கேட்டார்.

"படிச்சுப் பாத்துக்கிட்டிருக்கேன் சார்" என்று சியாமளா தினமும் சொன்னாள்.

அது பொய். வழியை அவள் ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். லைப்ரரியில் ஒரே ஒரு வரிக் கட்டளை இருந்தது. அதைக் கொடுத்தால் செல்போன் அல்லாத அத்தனையும் பதிவிலிருந்து நீங்கிவிடும், கேள்வி கேட்கப்படாத பழைய நிலைக்குப் போய்விடும், கம்பம் கம்பமாகவும் கிரைண்டர் கிரைண்டராகவும் ஆகிவிடும். அதனால்தான் அவள் விரல் அந்தப் பக்கமே போகவில்லை. கிரைண்டர் வாயை மூடிவிட்டால் அக்காவிடம் போக அவளுக்கு வேறு வழி தெரியாது.

ஒரு வியாழக்கிழமை மேட்டுத்தெரு எசக்கியம்மாள் காலிக் குடத்தோடு உரக்கடை மாடி ஏறி வந்தாள். தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்ப்பவள். "நேத்து எங்க தெருவுக்குத் தண்ணி வந்துச்சாம் தாயி. நான் வேலைக்குப் போயிட்டேன். அதுக்கு முந்துன தடவ வருமின்னு வேலைக்குப் போகாம இருந்தேன், வரல. ஒரு போன் பண்ணிச் சொல்லுற மாதிரி ஏதோ செய்யிறியாமே, அது எப்பந்தான் ஆகும்?" சண்டைக்கு வந்தவள்போல அவள் பேசவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதுதான் சியாமளாவுக்குத் தாங்க முடியவில்லை.

"இன்னைக்கே ஆகிரும்க்கா" என்றாள்.

எசக்கியம்மாள் இறங்கிப்போன பிறகு அவள் ஜன்னலில் நின்று கம்பத்திடம் விஷயத்தைச் சொன்னாள். இனிமேல் பேச முடியாது, பசி என்றும் சொல்ல முடியாது என்று அவள் சொல்ல, கம்பம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது.

"செய்யுங்கம்மா. நல்லாச் சாப்ட்டாச்சு. நிக்கிறவனுக்குப் பசி தெரியாம இருக்கறதுதான் வசதி."

மதியம் கடைசிப் பந்திக்கு அவள் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மெஸ்ஸுக்குப் போனாள். தெருக்களுக்கெல்லாம் சாப்பாடு போய்விட்டிருந்தது. உள்ளே கோதண்டராமனும், தொட்டி ஆபரேட்டரும், அண்டா தூக்கிய ஆட்களும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அரிசி மூட்டை ஓரமாக நின்றபடியே கட்டளையைக் கொடுத்தாள். அது ஊரின் தெற்கு எல்லையிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டு வரும், மெஸ்ஸுக்கு வந்து சேரக் கொஞ்ச நேரமாகும். தூரத்தில் புளியமரங்கள் பேச்சை நிறுத்தியது கேட்டது. அடுத்து போலீஸ் ஸ்டேஷன் பைக்குகள் அடங்கின. அவள் கிரைண்டர் பக்கம் திரும்பினாள்.

"கிரைண்டரு, சீக்கிரமாச் சொல்லு. அன்னைக்கு நான் வீம்புக்குச் சாப்பிடாமப் போகல. கடைசி வரைக்கும் கை கழுவுற எடத்துக்கிட்டயே நின்னேன். வந்தவுக போனவுக எல்லாரையும் அவ கூப்பிட்டா. என்னைய மட்டும் ஒரு வார்த்த கூப்பிடல. அது எனக்கு ஆறவே இல்லன்னு சொல்லு."

அது ஒரு எழுத்தையும் மாற்றாமல் அப்படியே சொன்னது. காளீஸ்வரி கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வெளியே அடிபம்பு எதையோ சொல்ல ஆரம்பித்துப் பாதியில் விட்டது.

"நல்லாக் கேக்குறாளே" என்றாள் காளீஸ்வரி கிரைண்டரிடம். "விருந்தாளியச் சாப்பிடக் கூப்பிடுவாக. வீட்டாள யாராச்சும் கூப்பிடுவாகளா? நானும் அவளும் சேந்து கடைசியா உக்காருவோம்னு ரெண்டு பேருக்கும் எடுத்து மூடி வச்சிட்டுத் தேடுறேன், ஆளக் காணோம். நான் அன்னைக்கு ராத்திரி அந்தச் சோத்த அப்படியே மாட்டுக்கு வச்சேன். இத அவகிட்டச் சொல்லு."

கிரைண்டர் சொல்லவில்லை.

"சொல்லுப்பா" என்று காளீஸ்வரி அதன் மூடியைத் தட்டினாள். சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள், கல் சுற்றியது, அணைத்தாள், நின்றது. ஜன்னலுக்கு வெளியே கம்பமும் வெறும் கம்பமாக நின்றது. சியாமளா அக்காவைப் பார்த்தபடி நின்றாள். அவள் கேட்டாகிவிட்டது என்பது முகத்திலேயே தெரிந்தது, இனிக் கேட்காத மாதிரி நிற்கவும் முடியாது. கோதண்டராமனும் மற்றவர்களும் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

காளீஸ்வரி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். சுவரைப் பார்த்தாள், அதில் ஒன்றுமில்லை. பிறகு நேராகத் தங்கையைப் பார்த்து, "மரம் மாதிரி நிக்கிறியே, அந்த ரச வாளிய எடுடி. பந்தியில உக்காந்து எவ்வளவு நேரமாச்சு அவுக" என்றாள்.

சியாமளா லேப்டாப்பை அரிசி மூட்டைமேல் வைத்துவிட்டு வாளியை எடுத்தாள். கண்ணீர் மறைத்ததில் கோதண்டராமனின் இலையில் ரசம் கொஞ்சம் அதிகமாகவே விழுந்து ஓடியது. அவர் சோற்றால் கரை கட்டிக்கொண்டார்.

பந்தி எழுந்து, இலை எடுத்து, தரையைத் துடைத்து முடித்த பிறகு, அக்காவும் தங்கையும் அடுப்படியில் சோற்றுப் பானைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அடியில் ஒட்டியிருந்ததைச் சுரண்டிச் சாப்பிட்டார்கள். சாப்பிடுகிறாயா என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கவில்லை.